அப்பா பெயருக்கு வக்கீல் நோட்டீஸ்: உற்பத்தியாளர் கம்பெனியில் டைரக்டராக இருந்தால் தோட்டம் போய்விடுமா?

கோத்தகிரிக்காரி

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு 67 வயது. 2021-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து, விவசாயிகளே பங்குதாரர்களாக உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். சொந்தமாகத் தூள் பாக்கெட் போட்டு விற்பது என்று திட்டம். "நீங்க பெரியவரு, உங்க பேரு இருந்தா நாலு பேரு நம்பி ஷேர் எடுப்பாங்க" என்று சொல்லி அப்பாவையும் டைரக்டர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. பஸ் செலவுகூட அவர் கைக்காசுதான்.

பாக்கெட் கவர் அச்சடித்துக் கொடுத்த கோவைக்காரர் ஒருவர் இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கம்பெனி கொடுத்த நாலு லட்சத்துச் சொச்சம் ரூபாய் செக், பணமில்லை என்று திரும்பிவிட்டதாம். 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு. நோட்டீஸில் கம்பெனி, சி.இ.ஓ., டைரக்டர்கள் எல்லார் பெயரும் இருக்கிறது. செக்கில் கையெழுத்துப் போட்டது சி.இ.ஓ.வும் சேர்மனும்தான். அப்பா 2023-லேயே விலகுவதாகக் கடிதம் எழுதி சி.இ.ஓ. கையில் கொடுத்துவிட்டார். பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கவில்லை.

விசாரித்தால் இன்னொன்றும் தெரிகிறது. மூன்று வருடமாகக் கம்பெனிக் கணக்கே தாக்கல் ஆகவில்லை. அப்பா சாப்பாட்டில் கை வைப்பதில்லை. ஜெயில் வருமா, தோட்டத்தை எடுத்துக்கொள்வார்களா, இந்த இரண்டையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்

கம்பெனி பெயரையும் ஊர் பெயரையும் பதிவிலிருந்து எடுத்துவிட்டேன். வழக்கு வரப்போகிற விஷயம், பெயர் இல்லாமலே பேசலாம்.

ஊட்டி வக்கீல்

அம்மா, முதலில் நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 15 நாள் என்பது அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். அதற்குள் பணம் போகாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் மனு போடலாம். செக் எந்த வங்கிக் கிளையில் கவர்க்காரருடைய கணக்குக்குப் போடப்பட்டதோ, அந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு வரும். 2015-இல் செக் சட்டத்தைத் திருத்திய பிறகு இதுதான் நிலை. ஆக, அப்பா கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும்.

செக் வழக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் செக் கொடுத்தது கம்பெனி என்பதால் 141-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குற்றம் நடந்த நேரத்தில் கம்பெனியின் நடவடிக்கைகளைக் கையில் வைத்திருந்து, அதற்குப் பொறுப்பாகவும் இருந்தவர்தான் அதில் சிக்குவார். டைரக்டர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எஸ்.எம்.எஸ். பார்மாசூட்டிகல்ஸ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவர் எப்படிப் பொறுப்பில் இருந்தார் என்று புகார் மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும். மேனேஜிங் டைரக்டர் தன் பதவியாலேயே பொறுப்பாளி. செக்கில் கையெழுத்துப் போட்டவரும் தப்ப முடியாது. உங்கள் அப்பா இரண்டும் இல்லை என்கிறீர்கள். நல்ல நிலைதான்.

ஆனால் "நல்ல நிலைதானே" என்று நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மலையில் நான் பார்க்கிற வழக்குகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் கெட்டுப்போகிறது. பதில் அனுப்புங்கள். எப்போது விலகினார், வங்கிக் கணக்கில் அவருக்குக் கையெழுத்து அதிகாரம் உண்டா, கவர் ஆர்டர் கொடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டா, மூன்றையும் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனால், "முதல் நாளே இதைத்தான் சொன்னேன்" என்று காட்ட அந்தப் பதில் வேண்டும்.

பச்சை இலை

எல்லாரும் டைரக்டர் எப்படித் தப்பிப்பது என்றே பேசுகிறீர்கள். நான் மஞ்சூர் பக்கம். எங்கள் ஊரிலும் இதேபோல் ஒரு கம்பெனி வந்தது. அதன் பெயர் வேண்டாம். மாதக்கணக்கில் இலை கொடுத்தோம், பணம் வரவில்லை. போய்க் கேட்டால் ஒவ்வொரு டைரக்டரும் "நான் பேருக்குத்தான் இருந்தேன்" என்கிறார். பேருக்கு இருந்தவரை நம்பித்தானே நாங்கள் இலை போட்டோம்? அந்த அம்மாவின் அப்பா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் கவர் அச்சடித்தவரும் கடன் வாங்கித்தான் தொழில் செய்கிறார். அவர் பணத்துக்கு யார் பதில் சொல்வது?

கோத்தகிரிக்காரி

அண்ணா, நீங்கள் கேட்பது நியாயம்தான். கவர்க்காரருக்குப் பணம் போக வேண்டும் என்றுதான் அப்பாவும் சொல்கிறார். எங்கள் பங்கு எவ்வளவோ அதைக் கொடுக்கத் தயார். மொத்தத்தையும் எங்கள் தோட்டத்தின் தலையில் கட்டிவிடுவார்களோ என்பதுதான் பயம்.

குன்னூர் ஆடிட்டர்

தோட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கம்பெனிக் கடனுக்கு டைரக்டரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு உடைகிற இடங்கள் உண்டு. முதல் இடம் ஜாமீன். கம்பெனிக்குக் கடன் வாங்கியபோது அப்பா தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள். கடன் ஆவணத்தில் பத்து இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள், எது எதற்கு என்று யாரும் விளக்குவதில்லை. போட்டிருந்தால், கடன்காரர் கம்பெனியை விட்டுவிட்டு நேராக அவரிடமே வரலாம். ஒப்பந்தச் சட்டம் ஜாமீன்தாரரையும் கடனாளியையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது.

அடுத்தது ஜி.எஸ்.டி. பிரைவேட் கம்பெனி கட்டாத வரியை வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்து டைரக்டர்களிடம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தன்னுடைய பெரும் கவனக்குறைவால் அது நேரவில்லை என்று டைரக்டர்தான் நிரூபிக்க வேண்டும். வருமான வரியிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. இவை இரண்டிலும் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கம்பெனியின் பழைய கணக்குப்பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.

இனி தாக்கல் ஆகாத கணக்கு. இதை நிறையப் பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு படிவம், ஒன்று நிதிநிலை அறிக்கை, மற்றொன்று ஆண்டு விவரம். 2018 ஜூலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தாமதக் கட்டணம் நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. இரண்டு படிவமும் ஒரு வருடம் தாமதமானால் 73,000. மூன்று நிதியாண்டு என்றால் பழையது மூன்று வருடம், அடுத்தது இரண்டு, கடைசியது ஒன்று என்று தாமதம் சேரும். கூட்டிப் பாருங்கள், 4,38,000. அந்த செக் தொகைக்குச் சமமாக வந்து நிற்கிறது! இதற்கு மேல் அபராதமும் உண்டு. அதில் மட்டும் உற்பத்தியாளர் கம்பெனிக்கு, சட்டத்தில் சொன்ன தொகையில் பாதிக்கு மேல் விதிக்கக் கூடாது என்ற சலுகை இருக்கிறது. இதற்கெல்லாம் ஜெயில் இல்லை. கோவையில் உள்ள கம்பெனிப் பதிவாளர் விசாரித்து விதிக்கிற பண அபராதம்தான்.

ஆனால் தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் கம்பெனிச் சட்டம் 164(2) பிரிவின்படி டைரக்டர்கள் தகுதி இழப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டர் ஆக முடியாது. 2017-இல் ஒரே வீச்சில் நாடு முழுக்க 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இப்படித் தகுதி நீக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் அதில் பலருக்கு நிவாரணம் கொடுத்தது. 2020-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டைரக்டர் அடையாள எண்ணை முடக்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. அது ஒரு ஆறுதல்தான். தாக்கல் செய்ய வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். 10,000 உற்பத்தியாளர் அமைப்பு என்ற மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது. சமவெளியில் 300 உறுப்பினர், மலையில் 100 இருந்தால் போதும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் வரை உதவி. அந்தக் காசில்தான் சி.இ.ஓ. சம்பளம், கணக்காளர் சம்பளம் எல்லாம். உதவி நிற்கிற வருடம் கணக்காளர் போய்விடுவார், ஆடிட்டர் பீஸ் கொடுக்கக் காசிருக்காது. என்னிடம் வருகிற கம்பெனிகளில் தாக்கல் நிற்பதும் அந்த வருடம்தான். தோட்டத்தில் வேலை செய்கிற பெரியவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

கூடலூர் தம்பி

சார், எங்கள் ஊரிலும் காப்பி, மிளகுக்கு ஒன்று தொடங்குகிறார்கள். என்னை டைரக்டராக வரச் சொல்கிறார்கள். இதைப் படித்த பிறகு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

குன்னூர் ஆடிட்டர்

தம்பி, படித்தவர்கள் எல்லாரும் ஒதுங்கினால் விஷயம் தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள். வாருங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு போர்டு மீட்டிங் கட்டாயம். ஒவ்வொன்றிலும் வங்கி ஸ்டேட்மென்டைக் காட்டச் சொல்லுங்கள். எதற்காவது சம்மதம் இல்லை என்றால் அதை மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், எழுதச் சொல்லுங்கள், வெளியே வந்து டீக்கடையில் சொல்லிப் பிரயோஜனமில்லை. கம்பெனி அமைச்சக இணையதளத்தில் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் யார் கையிலும் கொடுத்து வைக்காதீர்கள். தூள் விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறுப்பாளர் யார் என்று நியமனம் செய்ய வழி உண்டு, 66-ஆம் பிரிவு. அந்தப் படிவத்தில் யார் பெயர் போகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேயிலையில் சாயம் கலந்தது பிடிபட்டால் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

ஓய்வு பெற்ற டீ மேக்கர்

கூட்டுறவு ஃபேக்டரியில் முப்பது வருடம் இருந்தவன் நான். கம்பெனி வேண்டாம், கூட்டுறவே பாதுகாப்பு என்று சிலர் நினைக்கலாம். அங்கேயும் 1983 கூட்டுறவுச் சட்டத்தில் 81-ஆம் பிரிவு விசாரணை, அதன் பின் 87-ஆம் பிரிவு தண்டத்தீர்வை என்று உண்டு. நட்டத்தை நிர்வாகக் குழு உறுப்பினரிடமிருந்தே வசூல் செய்வார்கள். தண்டத்தீர்வை உத்தரவு வந்து வீடு கலங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வித்தியாசம் என்னவென்றால், கூட்டுறவில் துறை ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், தப்பு கொஞ்சம் சீக்கிரம் வெளியே தெரியும். கம்பெனியில் உறுப்பினர்களே கேட்டால்தான் உண்டு.

பச்சை இலைத் தம்பிக்கு ஒன்று. பாட்லீஃப் ஃபேக்டரிக்கு (வெளியாரிடம் இலை வாங்கித் தூள் செய்யும் ஆலை) இலை கொடுத்துப் பணம் வராவிட்டால் 2003 தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குன்னூர் டீ போர்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். விற்ற விலையில் விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35 என்ற பங்கீடே அந்த ஆணையின் கீழ் வந்ததுதான். சப்ளை சிட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

பச்சை இலை

சிட்டை எல்லாம் இருக்கிறது ஐயா. எங்களிடம் இலை வாங்கிய கம்பெனிக்குச் சொந்த ஃபேக்டரி கிடையாது, வாங்கி வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதனால் எனக்கு அந்த வழி சரிப்படுமா தெரியவில்லை. திவால் சட்டத்தில் போகலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஊட்டி வக்கீல்

திவால் சட்டத்தில் பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். 2020 மார்ச் வரை 1 லட்சமாக இருந்ததை நூறு மடங்கு ஏற்றிவிட்டார்கள். சிறு விவசாயிக்கு அந்தக் கதவு அன்றைக்கே மூடியாயிற்று. உங்களுக்கு இருப்பது சிவில் வழக்கு. இலை கொடுத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு தாண்டக் கூடாது. தனித்தனியாக அலையாமல் சேர்ந்து ஒரே வக்கீலிடம் போங்கள், செலவு குறையும்.

நீங்கள் உறுப்பினராகவும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேட்டால், உற்பத்தியாளர் கம்பெனி போர்டு சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். கணக்கை அங்கே வாங்குங்கள். சட்டத்துக்கு மாறான தீர்மானத்துக்குக் கை தூக்கிய டைரக்டர்கள், அதனால் வந்த நட்டத்தைச் சேர்ந்தும் தனியாகவும் ஈடு செய்ய வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் உற்பத்தியாளர் கம்பெனி அத்தியாயத்திலேயே இருக்கிறது. பேருக்கு இருந்தவர் யார், பணத்தைக் கையாண்டவர் யார் என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கொடைக்கானல் வாசி

ஊட்டிக்காரர்கள் பேசுவதற்கிடையே ஒரு வார்த்தை. சின்னக் கம்பெனியில் செக் திரும்பினால் 15 நாளில் கட்டு என்று வீட்டுக்கு நோட்டீஸ் வருகிறது. எங்கள் ஊர்ப் பாதரச தெர்மாமீட்டர் ஆலையை நினைத்துக்கொள்கிறேன். 2001-இல் மூடினார்கள். பாதரசக் கழிவு 290 டன்னை 2003-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குத் தொகை தர இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தம் போட்டது 2016-இல். நடுவில் பதினைந்து வருடம். டைரக்டர் பொறுப்பு என்ற சட்டம் ஏன் சின்ன ஆளிடம் மட்டும் இவ்வளவு வேகமாக ஓடுகிறது?

ஊட்டி வக்கீல்

வருத்தம் புரிகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் கம்பெனிகள் செய்யும் குற்றம் பற்றி இதேபோன்ற பிரிவு உண்டு. செக் வழக்கில் ஆதாரம் ஒற்றைத் தாள், வங்கியே எழுதிக் கொடுத்துவிடும். மண்ணிலும் உடம்பிலும் சேர்ந்த நஞ்சை இன்னார் எடுத்த முடிவால் வந்தது என்று நிரூபிக்க வருடங்கள் ஆகும். அத்தோடு 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறையை எடுத்துவிட்டு 10,000 முதல் 15 லட்சம் வரை பண அபராதமாக்கிவிட்டது. கம்பெனிப் பணத்தில் கட்டிவிட்டுப் போகக்கூடிய தொகை பெரிய நிறுவனத்தின் நாற்காலியில் இருப்பவரை அசைக்காது என்பது என் உறுதியான கருத்து. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.

கோத்தகிரிக்காரி

நேற்று வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடினோம். அப்பாவின் ராஜினாமா கடிதத்தைப் படம் எடுத்து அண்ணன் சேர்மனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். 2023 ஆகஸ்ட். அவர் "சரிங்க, மீட்டிங்ல வைக்கிறேன்" என்று பதில் போட்டிருக்கிறார். செக் தேதி அதற்கு வெகு நாள் பிந்தியது.

ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. 2024-இல் சி.இ.ஓ. வீட்டுக்கு வந்து மினிட்ஸ் புத்தகத்தில் அப்பாவிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார். என்ன எழுதியிருந்தது என்று அப்பாவுக்கு நினைவில்லை. இது கெடுதலா? பதில் நோட்டீஸில் இதைச் சொல்லாமல் விடலாமா?

ஊட்டி வக்கீல்

வாட்ஸ்அப் பெரிய உதவி. ராஜினாமா கம்பெனிக்குக் கிடைத்த நாளிலிருந்தோ, கடிதத்தில் குறித்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அன்றைக்கு நடப்புக்கு வரும், கம்பெனிச் சட்டம் 168-ஆம் பிரிவு. போர்டு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற தேவை இல்லை. பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது கம்பெனியின் வேலை, அவர்கள் செய்யாததற்கு அப்பா பழி ஏற்க வேண்டியதில்லை. அண்ணன் அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆவணத்துக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் சேர்க்க வேண்டியிருக்கும்.

2024 கையெழுத்து கெடுதல்தான், மறைக்காமல் சொல்கிறேன். விலகியவர் ஏன் மினிட்ஸில் கையெழுத்துப் போட்டார் என்று முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு கம்பெனிக்கு இன்றே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் "2023-க்குப் பிறகு எதிலும் கையெழுத்துப் போடவில்லை" என்று பதிலில் எழுதிவிடாதீர்கள். பொய்யான ஒரு வரி மொத்தப் பதிலையும் கெடுத்துவிடும். செக்கில் கையெழுத்து இல்லை, அன்றாட நிர்வாகத்தில் இல்லை, 2023 ஆகஸ்டில் ராஜினாமா அனுப்பினார் என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். மூன்றும் உண்மை.

கூடவே சேர்மனையும் சி.இ.ஓ.வையும் கவர்க்காரரோடு பேச வையுங்கள். செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம், தள்ளத் தள்ளச் செலவு ஏறும். கவர்க்காரர் உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) வைத்திருக்கும் சிறு தொழில்காரர் என்றால் வட்டியும் பயங்கரமாக ஏறும், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி.

பச்சை இலை

அம்மா, அப்பாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுக்குழு கூட்டக் கையெழுத்து வாங்கும்போது அவரையும் முதல் வரிசையில் வந்து உட்காரச் சொல்லுங்கள். தெரிந்ததை எழுந்து சொல்லட்டும். ஊர் அவரை நம்பித்தான் ஷேர் போட்டது.

கோத்தகிரிக்காரி

வருவார் அண்ணா. அவரே சொன்னார். பதில் நோட்டீஸ் இன்று போயிற்று, மினிட்ஸ் நகல் கேட்டுக் கம்பெனிக்கும் எழுதியாயிற்று. சேர்மனும் இன்னும் இரண்டு டைரக்டர்களும் வரும் வாரம் கோவைக்குப் போய் கவர்க்காரரைப் பார்க்கிறார்கள், தவணையாகக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்க. சி.இ.ஓ. போனை எடுப்பதில்லை. உறுப்பினர் பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது. அது இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிடுவது, ஆடிட்டர் சார்?

குன்னூர் ஆடிட்டர்

கடைசியாகத் தாக்கல் ஆன ஆண்டு விவரத்தோடு உறுப்பினர் பட்டியல் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். அந்த எண்ணிக்கையை வைத்துக் கையெழுத்தைத் தொடங்குங்கள். பிறகு சேர்ந்தவர்கள் இருக்கலாம், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.